ஆர்டர்லி தலையில் ஒரு ஜெனரல்

ஜெனரல் ஆதிமூலம் எதையும் தானே தூக்கிக்கொண்டு நடந்து யாரும் பார்த்ததில்லை. தென்தீவுக் குடியரசின் ராணுவத்தில் அது பழைய வழக்கம். அதிகாரியின் குடை, தொப்பி, கோப்பு, கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை எல்லாம் ஆர்டர்லியின் கையில்தான் இருக்கும். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். வெள்ளைக்காரன் போய் இரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. கடல் ஏறி பாதித் தீவுகள் முழுகிவிட்டன. ஆர்டர்லி மட்டும் முழுகவில்லை.

ஜெனரலின் ஆர்டர்லி பெயர் பிச்சைக்கனி. அவர் கேப்டனாக இருந்த காலத்திலிருந்து கூடவே இருப்பவன். பங்களாவுக்குப் பின்னால் உள்ள குவார்ட்டர்ஸில் மனைவி தங்கபுஷ்பத்தோடு குடியிருந்தான். அவனுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. ஒரு விருந்தாளி ஒரு தடவை வந்துபோனால் போதும்; அடுத்த முறை அவருக்குப் பிடித்தது கேட்காமலே வரும். சர்க்கரை கம்மியா, டிகாஷன் தூக்கலா, ஆடை இருக்கலாமா என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி.

ஜெனரல் மேலே வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் பாசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடல் சூடேறிய பிறகு தீவுகளைச் சுற்றி வெளிறிய பாசி ஒன்று முளைத்தது. அதைக் காயவைத்துப் பொடித்து நாக்கடியில் வைத்தால் பசி, தூக்கம், துக்கம் எதுவும் தெரியாது. பொடி இறங்கியதும் எல்லாம் வட்டியோடு வரும். இரண்டு கூட்டங்கள் அதைக் கடத்தின. மீன் பெட்டியில் ஐஸுக்கு அடியில் வைத்து அனுப்பியது ஐஸ் கூட்டம். உப்பு மூட்டைக்குள் கலந்து அனுப்பியது உப்புக் கூட்டம்.

கடலோரப் படைக்குத் தளபதியாக வந்த ஆதிமூலத்திடம் ஐஸ் கூட்டத்தின் படகுகள் வரிசையாகச் சிக்கின. எந்தப் படகு எந்த வழியாக வரும் என்று அவருக்கு ஜோசியம் தெரியும்போலிருந்தது. ஜோசியம் சொன்னவர் உப்புக் கூட்டத்தின் தலைவர் தனுஷ்கோடி அண்ணாச்சி. ஒவ்வொரு பறிமுதலுக்கும் ஜெனரல் நெஞ்சில் ஒரு பதக்கம் ஏறியது. உப்புப் படகுகள் அவர் மூக்குக்குக் கீழேயே போய்வந்தன. உப்புக் காற்று பட்டால் துரு பிடிக்கும் என்று ரோந்துப் படகுகள் அந்தப் பக்கம் போவதில்லை என்பதாக ஒரு கேலிச்சித்திரம் பத்திரிகையில் வந்தது. வரைந்தவர் அதற்குப் பிறகு எதையும் வரையவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கம் சல்லடையைக் கொண்டுவந்தது.

சல்லடை என்பது மக்கள் வைத்த பெயர். அதிகாரியின் தலையை ஒரு வளையத்துக்குள் நீட்டச் சொல்லி, அவர் நினைவில் இருப்பதையெல்லாம் சலித்துப் பார்க்கும் இயந்திரம் அது. கூடவே ஒரு சட்டமும் வந்தது. எவர் நினைவில் குற்றம் இருக்கிறதோ அவரே குற்றவாளி; வேறு சாட்சியம் வேண்டாம். ஆண்டுதோறும் எல்லா அதிகாரிகளுக்கும் சோதனை. ஆர்டர்லிகளுக்குக் கிடையாது. அவர்கள் தலையில் என்ன இருந்துவிடப்போகிறது என்பது அரசாங்கத்தின் எண்ணம்.

சட்டம் வந்த வாரத்தில் ஜெனரல் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் ஹெப்சிபா போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பாயைத் தூங்கவிடாத நினைவை மட்டும் பிரித்தெடுக்கும் வைத்தியம்.

"எடுத்துத் தூரப் போட்டுடலாமா?" என்று ஜெனரல் கேட்டார்.

"முடியாது சார். நினைவுங்கறது வீட்டுக்குள்ள வந்த பூனை மாதிரி. வெளியில விட்டா திரும்பி வந்துரும். வேற வீட்டுல கொண்டுபோய்ச் சோறு வெச்சாத்தான் அங்கேயே தங்கும். சிப்பாய்ங்களுக்கு அவங்க சம்சாரமோ அம்மாவோ வந்து வாங்கிக்கிறாங்க."

"எனக்குச் சம்சாரம் கிடையாது. ஆர்டர்லி இருக்கான். அவன் தலையில இடம் இருக்குமா?"

"இடம் பண்ணிக்கும் சார்" என்றார் டாக்டர். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஜெனரலிடம் மறுத்துப் பேசிய டாக்டர்கள் வடதீவு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்படுவது வழக்கம். வடதீவில் ஆஸ்பத்திரியே கிடையாது.

வெளியே குடையோடு நின்றிருந்த பிச்சைக்கனியை ஜெனரல் கூப்பிட்டார்.

"லேய், எனக்காக ஒண்ணு தூக்கணும்."

"தூக்குதேன் ஐயா" என்றான் பிச்சைக்கனி. என்ன, எவ்வளவு கனம் என்று கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை.

ஒரே நாளில் முடிந்துவிட்டது. அண்ணாச்சியின் படகில் நடந்த பேச்சுகள், நீட்டிய கை, காணாமல்போன கேலிச்சித்திரக்காரர், ஆஸ்பத்திரிக்கு வந்த காரணம் உட்பட எல்லாம் இடம் மாறின. ஜெனரலுக்குத் தலைவலி வைத்தியம் பார்த்ததாகப் பதிவு எழுதினார்கள். பிச்சைக்கனியை டாக்டர் தனியே கூப்பிட்டு, "ஐயாகிட்ட இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது" என்றார். அவன் தலையாட்டினான்.

அந்த ஆண்டு சல்லடையில் ஏறக்குறைய எல்லா அதிகாரிகளும் மாட்டினார்கள். ஆதிமூலத்தின் தலை மட்டும் கழுவிவைத்த பாத்திரம்போல் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அவர் முப்படைக்கும் தலைவரானார். அடுத்த ஜனாதிபதி அவர்தான் என்று டீக்கடையில் பேச்சு அடிபட்டது.

இங்கேதான் ஒரு சங்கடம். ஜெனரல் நிஜமாகவே நல்லவராகிவிட்டார்.

தான் தப்பு செய்ததே அவருக்குத் தெரியாது. ஆகவே தப்பைக் கண்டால் கோபம் வந்தது. பங்களாவில் இருந்த குளிர்பதன மதுவறையைப் பார்த்து "இது யார் கட்டினது?" என்று கேட்டார். மழை பெய்த ஒரு நாள் குடையைத் தானே பிடித்துக்கொண்டு, பாதிக் குடையைப் பிச்சைக்கனி பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தார். காவலுக்கு நின்ற சிப்பாய்கள் சல்யூட் அடிக்க மறந்து பார்த்தார்கள். பிறகு உப்பு மூட்டைகளை ஊசி விட்டுச் சோதிக்க உத்தரவு போட்டார். தனுஷ்கோடியின் படகுகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. அண்ணாச்சிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

குவார்ட்டர்ஸில் வேறு கதை நடந்தது.

கேன்டீனிலிருந்து ஒரு வெங்காயம்கூடக் கொண்டுவராத பிச்சைக்கனி, பால்காரனிடம் கமிஷன் கேட்டான். கொடுக்காவிட்டால் பங்களாவுக்குப் பால் எடுக்க மாட்டேன் என்றான். குரலே மாறியிருந்தது. தங்கபுஷ்பம் என்னவென்று கேட்டபோது எரிந்து விழுந்தான். ஒருநாள் குழம்பில் காரம் கூடிவிட்டது என்று அவளை அறைந்துவிட்டான். அறைந்த கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தான்.

"புஷ்பம், என் தலைக்குள்ள ஐயா இருக்காரு" என்று அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னான். "அண்ணாச்சி படகுல உக்காந்து நான் கைய நீட்டுனது தெரியுது. நான் நீட்டவே இல்லைன்னும் தெரியுது. எது நெசம்னு எனக்கே பிடிபட மாட்டேங்குது."

தங்கபுஷ்பம் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கு மழை பெஞ்சுச்சா?"

அவன் வெகுநேரம் யோசித்தான். "நமக்கு எங்க வெச்சுக் கல்யாணம் நடந்துச்சு?" என்றான்.

அவள் அழவில்லை. பயம்தான் வந்தது. அடித்தவனைத் திருத்தலாம், சண்டை போடலாம். தன்னைக் கட்டியதே ஞாபகமில்லாதவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்து, சாப்பிடும்போது பிச்சைக்கனி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான்.

"ஐயா போக்கே ஒரு மாதிரியா இருக்கு. அந்த ரோஸ் கறை பட்ட வேட்டி எங்கப்பான்னு கேக்குதாரு. அவரு வேட்டியே கட்ட மாட்டாரு. பீரோ பூராத் தேடிட்டேன்."

தங்கபுஷ்பம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வேட்டி அவள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கல்யாணத்தன்று மழையில் பந்தல் சரிந்து, நனைந்த கூறைச்சேலையின் சாயம் மாப்பிள்ளையின் வேட்டியில் இறங்கிவிட்டது. வெளுத்தும் போகவில்லை. அதைப் பற்றி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவள். கொடிநாள் விருந்தில் ஜெனரல் தன்னைப் பார்த்துவிட்டு ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டது இப்போது அவளுக்கு நினைவு வந்தது.

அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் தனுஷ்கோடி அண்ணாச்சியே பங்களாவுக்கு வந்துவிட்டார். உப்பு வியாபாரிகள் சங்கத் தலைவர் என்ற முறையில், மாலையும் பழத்தட்டுமாக, பட்டப்பகலில் வந்தார். அதுவரை அவர் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. சந்திப்பெல்லாம் நடுக்கடலில்தான்.

"ஜெனரல் ஐயா, நம்ம பயலுவளோட படகையே பிடிச்சா எப்பிடி?" என்றார் அண்ணாச்சி சிரித்தபடி.

"நம்ம பயலுகன்னா? நான் உங்களை இப்பத்தான் முதல் தடவை பார்க்கிறேன்" என்றார் ஜெனரல்.

அண்ணாச்சி அதை நடிப்பு என்று நினைத்தார். அறையில் ஒட்டுக் கேட்கும் கருவி இருக்கும்போல என்று எண்ணி வாயை மூடிக்கொண்டார். அந்த நேரம் பிச்சைக்கனி தட்டோடு வந்தான். ஜெனரலுக்குப் பால் டீ. அண்ணாச்சிக்குப் பால் விடாத கட்டன் டீ, சர்க்கரை இல்லாமல், ஒரு சிட்டிகை உப்புப் போட்டு.

அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டு முகம் மலர்ந்தார். "அடேயப்பா, கைப்பக்குவம்!" என்றார்.

ஜெனரல் டம்ளரைக் கீழே வைத்தார். டீயில் உப்புப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தானாக யாருக்கும் தோன்றவும் தோன்றாது. முதல் தடவை வந்தவருக்குப் பிடித்தது ஆர்டர்லிக்கு எப்படித் தெரியும்? பிச்சைக்கனிக்கும் அப்போதுதான் உறைத்தது. தன் வாழ்நாளில் அந்த மனிதருக்கு அவன் டீ கொடுத்ததே இல்லை.

அண்ணாச்சி போனதும் ஜெனரல் கேட்டார்.

"உனக்கும் உப்புக் கூட்டத்துக்கும் என்ன பழக்கம்?"

பிச்சைக்கனி தரையைப் பார்த்தான். டாக்டரிடம் தலையாட்டியதை நினைத்துக்கொண்டான். ஐயாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே வாங்கிக்கொண்டது? பாதி வழியில் சுமையை இறக்கிவைக்கிற ஆர்டர்லி அல்ல அவன்.

"எல்லாம் நான்தான் ஐயா" என்றான். படகு, பேச்சு, கேலிச்சித்திரக்காரர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மையாக இருந்தது.

"உன்னைப்போய் நம்பினேனே" என்றார் ஜெனரல். மறுநாள் காலை ஆர்டர்லியைச் சல்லடைக்குக் கொண்டுபோகும்படி மேஜர் சாரதாமணிக்கு உத்தரவு போனது. சல்லடை சொன்னால் சொன்னதுதான். ஆயுள் தண்டனைக்குக் குறைந்து எதுவும் இல்லை.

தங்கபுஷ்பம் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வேட்டியை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரரு கல்யாணம் எங்க போச்சு?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஜெனரல் தலையில இருக்கு. நீங்க வந்து சொல்லுதீங்களா, இல்ல நான் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து வாரவுக போறவுககிட்டல்லாம் சொல்லட்டா?"

டாக்டர் ஹெப்சிபா வந்தார். ஒரு வருஷமாக அவருக்கும் தூக்கம் சரியில்லை.

ஜெனரல் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். நம்பவில்லை. தங்கபுஷ்பம் வேட்டியைப் பிரித்து மேஜைமேல் போட்டாள். அவர் அந்த ரோஸ் கறையைத் தொட்டார். பந்தல் கால் சரிந்தது, ஈர வைக்கோல் வாசனை, மணவறையில் மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எல்லாம் அவருக்கு வந்தது. கல்யாணமே ஆகாத மனிதர் அவர். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தலையிலிருந்து எடுத்தா அந்த இடம் காலியா இருக்காது சார்" என்றார் டாக்டர். "இங்கிருந்து அங்க போனப்ப, அங்கிருந்து அதே அளவு இங்க வந்துருச்சு. உங்களோட கெட்டது அவர்கிட்ட. அவரோட நல்லது உங்ககிட்ட."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"நீங்க கேக்கலை சார்."

"அப்ப இந்த ஒரு வருஷமா நான் செஞ்சதெல்லாம்? ஊரெல்லாம் புகழ்ந்ததே?"

"அதுக்குப் போட்ட முதல் அவரோடது சார்."

வாசலில் காவலோடு நின்றிருந்த பிச்சைக்கனி எட்டிப் பார்த்தான். "வேண்டாம் ஐயா. நானே வெச்சிருக்கேன். எனக்குப் பழகிட்டு" என்றான்.

"சும்மா இருங்க நீங்க" என்றாள் தங்கபுஷ்பம். குரல் உடைந்துவிட்டது. "எனக்கு என் புருஷன் வேணும்."

ஜெனரல் அவளைப் பார்த்தார். இன்னும் அவர் தலையில் அவள் மணப்பெண்ணாகத்தான் இருந்தாள். அவள் பயத்தை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"திருப்பி மாத்திடுங்க டாக்டர். நானே போய்ச் சல்லடையில தலையைக் குடுக்கிறேன்."

டாக்டர் தயங்கினார். "மாத்திட்டா, எழுந்திரிக்கறது நீங்க இல்லை சார். பழைய ஆளு. அவர் தலையைக் குடுக்க மாட்டாரு."

அதை ஜெனரல் யோசித்திருக்கவில்லை. யோசித்தார். பிறகு மேஜர் சாரதாமணியைக் கூப்பிட்டு, ஆர்டர்லியைக் கைதுசெய்யும் உத்தரவைக் கிழித்துவிட்டு, வேறொன்றைத் தன் கையாலேயே எழுதினார். மேஜர் படித்துப் பார்த்துவிட்டு விழித்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி அறையிலிருந்து வெளியே வர்றவரைக் கைதுசெய்யணும்னு போட்டிருக்கீங்க. யார் சார் அது?"

"நான்தான்" என்றார் ஜெனரல்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஜெனரல் கண் விழித்தார். முதல் வார்த்தையாக, "எங்கல என் தொப்பி?" என்றார். பிச்சைக்கனி அடுத்த கட்டிலில் இன்னும் தூக்கத்தில் இருந்தான். ஜெனரல் சுற்றும் முற்றும் பார்த்து நிலைமையைப் புரிந்துகொண்டார். புத்திசாலித்தனத்தில் அவருக்கு எப்போதும் குறைவில்லை. வேகமாக வெளியே வந்தார்.

"மேஜர், வண்டியை எடு. அந்த டாக்டரை உள்ள போடு."

"உங்களைக் கைதுசெய்ய உத்தரவு சார்."

"யாரு போட்ட உத்தரவு?"

"நீங்கதான் சார். உங்க கையெழுத்து."

"ரத்து பண்றேன்."

"ரத்து பண்ணுவீங்கன்னும் இதுலயே எழுதியிருக்கீங்க சார். அதையும் கேக்கக் கூடாதாம்."

ஜெனரல் கத்தினார், மிரட்டினார், பதவி உயர்வு தருவதாகச் சொன்னார். மூன்றும் எந்த வரிசையில் வரும் என்பதுகூட அந்தத் தாளில் இருந்தது. நல்லவராக இருந்த ஜெனரல் தன்னைப் பற்றி டாக்டரிடம் நன்றாக விசாரித்திருந்தார். மேஜர் சாரதாமணி பின்னால் சிரித்ததாகச் சொல்வார்கள். நான் நம்பவில்லை. அந்த நிலையில் யாருக்கும் சிரிப்பு வராது.

சல்லடை அவர் தலையைச் சலித்தது. தனுஷ்கோடி அண்ணாச்சி, உப்புக் கூட்டம், கேலிச்சித்திரக்காரர் கிடந்த கிணறு எல்லாம் வெளியே வந்தன. பள்ளிக்கூடங்களில் படத்தைக் கழற்றினார்கள். சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அடுத்தவர் படத்துக்கு உதவும்.

பிச்சைக்கனி வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் அவனை உட்காரக்கூட விடவில்லை.

"மழை பெஞ்சுச்சா?"

"மழையா? பந்தலே என் தலைமேல சாஞ்சுச்சு. நீ என்னடான்னா மணவறையில உக்காந்து சிரிச்ச. எங்கம்மா உன்னைத் திட்டுனா" என்றான்.

அவள் அப்போதுதான் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை அது.

சிறைக்குப் போன ஜெனரலைப் பார்க்க யாரும் வரவில்லை. பிச்சைக்கனிதான் ஒருநாள் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போனான். பழைய ஆர்டர்லி வாடை போகவில்லை என்று தங்கபுஷ்பம் முணுமுணுத்தாள். ஆனால் டீயை அவளே போட்டுக் கொடுத்தாள்.

பார்வையாளர் அறையில் ஜெனரல் டீயைக் குடித்தார். இளைத்திருந்தார்.

"பிச்சைக்கனி, எனக்கு ஒண்ணு தூக்குவியா?"

"என்ன ஐயா?"

முதல் தடவையாக அவன் கேட்டான். ஜெனரலும் அதைக் கவனித்தார்.

"அந்த டாக்டர் இங்க வந்து செய்ய முடியுமாம். விசாரிச்சுட்டேன்."

"ஜெயிலுக்கு வந்தப்புறம் குத்தத்தை மாத்தி என்ன பிரயோசனம் ஐயா? அதான் சல்லடை பாத்துட்டுதே."

"அதை நான் வெச்சுக்கறேன். அதோட எனக்கு ஒரு சிரமமும் இல்லை" என்றார் ஜெனரல். "அந்த ஒரு வருஷம்தான். உனக்குக் குடை பிடிச்சேன். படகையெல்லாம் பிடிச்சேன். கடைசியில உக்காந்து அந்த உத்தரவை எழுதினேன். அது உன்னோட முதல்னு டாக்டர் சொன்னா. ஆனா நடந்தது என் தலையில. முழிச்ச அன்னைக்குத் தெரியலை, இப்ப எல்லாம் அப்படியே தெளிஞ்சு வந்து நிக்குது. கண்ணை மூடினா நான் நல்லவனா நடமாடுறது தெரியுது. என்னால சகிக்க முடியலப்பா. அதை மட்டும் வாங்கிக்கோ."

பிச்சைக்கனியின் கை பழக்கத்தில் மேஜைவரை நீண்டது. பிறகு அதை அவன் மடியில் வைத்துக்கொண்டான்.

"என்கிட்டயும் அப்படி ஒண்ணு கெடக்கு ஐயா. அவளை அறைஞ்சது. உங்க முதலை வெச்சு நான் அறைஞ்சதுதான். ஆனா கை என் கை. அதையும் எடுத்துடலாம்னு டாக்டரம்மா சொன்னாக. யாரு தலையில வைக்கப் போறீங்கன்னு கேட்டேன். வேண்டாம்னுட்டேன்."

"அப்ப என்னோடது?"

"கையெழுத்து நீங்க போட்டது ஐயா. நீங்களே வெச்சுக்கங்க."

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் குரல் கொடுத்தார். பிச்சைக்கனி ஃபிளாஸ்கை மூடிக்கொண்டு எழுந்தான். ஜெனரல் வழக்கம்போலக் காலி டம்ளரை அவன் பக்கம் நீட்டினார்.

"கழுவி இங்கேயே வெச்சிருங்க. அடுத்த தடவை வாரப்ப எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

ஜெனரல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குழாய் எங்கே இருக்கிறது என்று தேடினார்.